கடல்நீர் வடிக்கும் பெட்டியில் 80 மில்லிதான் வருது, அதுவும் கரிக்குது

மண்டபம் டீச்சர்:
8ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரி கண்காட்சிக்காக வெயிலில் கடல்நீரை வடிக்கும் பெட்டி செய்கிறார்கள். 60 × 45 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டி, அடியில் விரித்த கறுப்புத் துணி, 5 செ.மீ. உயரத்துக்குக் கடல்நீர், மேலே பாலித்தீன் தாள். காலை 9 முதல் சாயங்காலம் 5 வரை வைத்தால் 80 மில்லிதான் சேருது. அதுவும் லேசாகக் கரிக்குது. ஆவியாகி வந்த தண்ணீர் எப்படிக் கரிக்கும்?

உப்புக்காற்று:
துணியின் ஓரத்தைப் பாருங்க டீச்சர். அது சேகரிக்கும் வாய்க்காலைத் தொட்டால், விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி கடல்நீரை இழுத்து அதிலேயே விடும். தொட்ட இடத்தில் காய்ந்த பிறகு வெள்ளைக் கோடு தெரியும். நாலு பக்கமும் 3 செ.மீ. கத்தரிச்சு விடுங்க. கடல்நீரை ஊற்றிய பிறகு தொட்டியை நகர்த்தவே கூடாது, ஒரு தளும்பல் போதும்.

அளவு குறைவதற்குக் காரணம் ஆழம். 5 செ.மீ. என்றால் 13.5 லிட்டர். அதைச் சூடாக்கவே பாதி நாள் போயிடும். 1.5 செ.மீ., அதாவது 4 லிட்டர் போதும்.

தச்சுப்பட்டறை:
பாலித்தீனை விடுங்க. அதில் நீர் முத்து முத்தாக நின்று, பாதி திரும்பத் தொட்டியிலேயே சொட்டும். 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி போடுங்க. சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவினால் நீர் படலமாகப் பரவி வழியும்.

12 மி.மீ. பிளைவுட் பெட்டி, முன்பக்க உயரம் 8 செ.மீ., பின்பக்கம் 24 செ.மீ. கண்ணாடி ஏறத்தாழ 20 டிகிரி சாயும். அட்சரேகை அளவுக்குச் சாய்த்தால் போதும், நம்ம ஊருக்கு அது 9 டிகிரிதானே என்று 10 டிகிரியில் வைத்தால் துளி வழியாமல் நடுவிலேயே விழும். அடியிலும் பக்கத்திலும் 25 மி.மீ. தெர்மாகோல், அதற்குள் எவர்சில்வர் தட்டு. தகரம் இந்தக் காற்றுக்குத் தாங்காது.

வாய்க்காலுக்கு அரை அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு முனை 1 செ.மீ. தாழ இருக்கும்படி ஒட்டுங்க. பலர் விடுகிற இடம் இதுதான்: கண்ணாடியின் உட்புறத்தில், வாய்க்காலுக்கு நேர் மேலே, விரல் தடிமனில் ஒரு சிலிகான் பசைக் கோடு இழுக்கணும். வழிந்து வரும் நீர் அந்த வரப்பில் முட்டி வாய்க்காலில் விழும். இல்லாவிட்டால் கண்ணாடியை ஒட்டியே போய்ப் பெட்டி ஓரத்தில் கசியும்.

சிலிகான் காய 24 மணி நேரம் விடுங்க. முதல் இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிடுங்க, வாடை அடிக்கும்.

உப்புக்காற்று:
எதிர்பார்ப்புக்கு ஒரு கணக்கு. தெளிந்த நாளில் சதுர மீட்டருக்குச் சுமார் 18 மெகாஜூல் வெயில் வெப்பம் விழும். உங்கள் தட்டு 0.27 ச.மீ., கிடைப்பது 4.9 மெகாஜூல். 1 லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2.3 மெகாஜூல் வேணும். மூன்றில் ஒரு பங்கு வெப்பம் பயன்பட்டாலே 700 மில்லி. சாயங்காலம் 5 மணியோடு அளவை முடிக்காதீங்க. பொழுது சாய்ந்ததும் கண்ணாடி குளிர்ந்து, சூடான தண்ணீர் இரவிலும் வடியும். மறுநாள் காலை 9 வரை சேர்த்து அளங்க.

ஜனவரியில் தாழ்ந்த பக்கம் தெற்கு பார்க்கணும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே இருக்கும், அப்போ திருப்பி வைக்கணும். கடற்காற்றில் கண்ணாடி மேல் உப்புப் படியும், தினமும் நல்ல தண்ணீரில் துடைங்க. மிஞ்சிய உவர்நீரையும் தினமும் மாற்றுங்க.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் சாதாரண டிடிஎஸ் மீட்டர் பெரும்பாலும் 9,990 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) வரைதான் காட்டும், கடல்நீரோ 35,000. ஒரு பங்கு கடல்நீரோடு 9 பங்கு வடித்த நீர் கலந்து, வருவதை 10ஆல் பெருக்குங்க. வடித்த நீரில் 100ஐத் தாண்டினால் எங்கோ கடல்நீர் கலக்குது.

மண்டபம் டீச்சர்:
துணி ஓரம் வாய்க்காலில்தான் கிடக்குது, வெள்ளைக் கோடும் இருக்கு! தெர்மாகோல் சூட்டில் உருகாதா?

தச்சுப்பட்டறை:
தட்டில் தண்ணீர் இருக்கும் வரை 70 டிகிரியைத் தாண்டுவது அரிது, தாங்கும். காலித் தட்டை மூடி வெயிலில் விட்டால்தான் சுருங்கும். லீவு நாளில் கண்ணாடி மேல் சாக்கு போட்டுடுங்க.