சர்க்யூட் ஜட்ஜுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க நீதிபதி டேவிட் டேவிஸ் (1815–1886) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெண்டு வார்த்தைகளில் மாட்டிக்கொண்டேன், கைகொடுங்கள்.

1848 முதல் 1862 வரை இல்லினாய்ஸில் எட்டாவது சர்க்யூட்டின் நீதிபதி இவர். ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்பார். லிங்கன் உட்பட வக்கீல்கள் கூட்டமும் கூடவே கிளம்பும். சேற்றுப் பாதை, குதிரை வண்டி, ராத்திரி சத்திரத்தில் ஒரே கட்டிலில் ரெண்டு பேர். நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில் என்பார்கள். ஆள் சுமார் 300 பவுண்டு! இப்படி ஊர் ஊராகப் போகும் கோர்ட்டை 'சுற்று நீதிமன்றம்' என்றால் கபடிப் போட்டி மாதிரி இருக்கிறது. 'நடமாடும் நீதிமன்றம்' என்றால் வேன்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்தது இன்னும் சிக்கல். உச்ச நீதிமன்றத்துக்குப் போனபின், 1866இல் மில்லிகன் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இவரே: சிவில் நீதிமன்றங்கள் திறந்து இயங்கும் இடத்தில் சாதாரணக் குடிமக்களை ராணுவம் விசாரிக்கக் கூடாது. இங்கே ராணுவம் சாராதது என்ற பொருளில் வரும் 'சிவில்' என்பதற்கு 'உரிமையியல்' என்று போட்டால் அர்த்தமே மாறிவிடும். சொத்துத் தகராறு விஷயமில்லையே இது. 'பொது நீதிமன்றம்' போதுமா?

சட்டத்தமிழ் தெரிந்தவர்கள், முக்கியமாக வக்கீல் நண்பர்கள், சொல்லுங்கள். அகராதிச் சொல்லைவிட, கோர்ட்டில் நிஜமாகப் புழங்கும் சொல் கிடைத்தால் நல்லது.