புதுப்பிப்பு: பானெட்டில் காய்ந்துபோன முட்டைக் கறை

புத்தாண்டு இரவு பாண்டி பீச் பக்கம் நிறுத்திய கார்மேல் முட்டை அடித்தால் என்ன செய்வது என்ற முந்தைய பதிவு ஈரக் கறைக்கு. இது காய்ந்ததற்கு.

வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறைமேல் 10 நிமிடம் போட்டு வையுங்கள். தேய்க்கவே கூடாது, ஓட்டுச் சில்லு கீறிவிடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் முட்டை வெந்து இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

பிறகும் வளையம் தெரிந்தால் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மாட்டாவிட்டால் ரப்பிங் காம்பவுண்டும் (மேல் கீறலைத் தேய்த்துச் சமமாக்கும் பசை) பாலிஷும் பெரும்பாலும் போதும். மாட்டினால் பெயின்டில் விழுந்த பள்ளம் ஆழம். பாலிஷுக்குக் கொடுக்கிற காசு தண்டம்தான்.

தகரம் தெரிகிற அளவு பெயர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நம்ம ஊர் உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துரு ஏறும். பல கார்களில் பெயின்ட் நிறத்தின் குறியீடு டிரைவர் கதவுச் சட்டத்தில் இருக்கும். அதைக் காட்டி டச்-அப் பெயின்ட் வாங்குங்கள்.