மாலத்தீவுக்கு "விசா வேண்டாம்" என்பது முழு உண்மையா?

மாடிவீட்டுக்காரன்:
அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நான்கு பேர் டிசம்பரில் மாலத்தீவு போகிறோம். மாஃபுஷி தீவில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் மூன்று இரவு. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "விசாவே வேண்டாம் சார், பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஏறிடுங்க" என்கிறார். ஆனால் அப்பாவின் பாஸ்போர்ட் ஏப்ரலில் முடிகிறது. ஆறு மாதம் இல்லாமல் விடவே மாட்டார்கள் என்று எதிர்வீட்டு அண்ணன் கிளப்பிவிட்டார். யார் சொல்வது சரி?

கடல்காகம்:
டிக்கெட்காரர் சொன்னதுதான் சரி. இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஏப்ரலில் தடை போட்டார்கள். மற்றபடி எந்த நாட்டவராக இருந்தாலும் மாலேயில் இறங்கியதும் 30 நாள் இலவச அனுமதி. இந்தியர்களுக்கு 2018 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 90 நாள். பாஸ்போர்ட்டில் அவர்கள் கேட்பது குறைந்தது ஒரு மாதம். ஏப்ரல் வரை இருக்கிறதென்றால் தாராளம். ஆறு மாதம் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவாக நம் ஊரில் ஓதப்படும் மந்திரம்.

சுந்தரி_கொட்டிவாக்கம்:
கடல்காகம், சட்டம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் அந்தச் சட்டம் இருப்பது மாலேயில். நம்மை நிறுத்துவது இங்கே இருக்கிற விமான நிறுவனத்தின் கவுண்டர். போன வருடம் என் மாமனார் பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம் இருந்தது. அதிகாலை மூன்றரை மணி. கவுண்டரில் இருந்த பெண் பக்கத்தைப் புரட்டி, விரல் விட்டு மாதத்தை எண்ணினார். மறுபடி எண்ணினார். "சிக்ஸ் மந்த்ஸ் இல்லையே" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசரைத் தேடிப் போனவர் வந்து சேர்வதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். மாமனார் வீட்டுக்குத் திரும்பினார், கூடவே என் கணவரும். ரிசார்ட்டில் நானும் பிள்ளைகளும் மட்டும். இப்படி ஒரு உல்லாசப் பயணம் யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

கடல்காகம்:
வருத்தம்தான் சுந்தரி. ஆனால் அது அந்த ஊழியரின் தவறு, நாட்டின் விதி இல்லை. விமான நிறுவனங்கள் டைமேட்டிக் என்ற தகவல் தளத்தைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். "டைமேட்டிக்கைத் திறந்து பாருங்கள்" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

சுந்தரி_கொட்டிவாக்கம்:
எழுபது வயதுக்காரரை நிற்க வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வாதாடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். அங்கே திருப்பி அனுப்பினால் ஆளைக் கூட்டிவர வேண்டியது விமான நிறுவனம்தான். அதனால் சந்தேகம் வந்தால் அவர்கள் நம் பக்கம் சாய மாட்டார்கள். புதுப்பிக்க 1500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2000. நான்கு டிக்கெட் போன விலைக்கு இது ஒன்றுமே இல்லை.

யாழ்நிலவன்:
நாங்கள் கொழும்பிலிருந்து போய் வந்தோம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு 30 நாள், காசில்லை. ஆனால் இமுகா என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை யாரும் இங்கே சொல்லவில்லையே? பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. மாலத்தீவு குடிவரவுத் துறையின் தளத்தில் முற்றிலும் இலவசம். என் மச்சான் தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் ஆளுக்கு இத்தனை டொலர் என்று கட்டிவிட்டு, "விசா கிடைத்துவிட்டது" என்று எங்களுக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். இலவசமாக நிரப்ப வேண்டிய அதே படிவம்தான்.

கணக்குப்பிள்ளை:
விசா இலவசம் என்பதே ஒரு விளம்பர வித்தை. கணக்குப் போடுவோம். வெளிநாட்டவர் எகானமி டிக்கெட்டில் திரும்பும்போது புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். 2024 டிசம்பருக்கு முன் 30 டாலராக இருந்த வரி இது. டிக்கெட் விலைக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படாது. பசுமை வரி 2025 ஜனவரியில் இரட்டிப்பானது: ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், உள்ளூர்த் தீவுகளின் சிறிய கெஸ்ட்ஹவுஸில் 6. இந்த நான்கு பேருக்கு மூன்று இரவு என்றால் 72 டாலர். டிக்கெட்டில் போன 400ஐயும் சேர்த்தால் 472. இதற்கு விசா கட்டணம் என்று பெயர் வைத்தால்தான் என்ன?

கடல்காகம்:
பெயர்தான் வித்தியாசம் ஐயா! விசா என்றால் மறுக்கலாம், காக்க வைக்கலாம், வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லலாம். வரி என்றால் கட்டினால் முடிந்தது. கடலைத் தவிர விற்க அவர்களிடம் என்ன இருக்கிறது? 1972ல் குரும்பா ரிசார்ட்டில் சுற்றுலா தொடங்கியது, இன்று ஊரே அதை நம்பித்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
வாங்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இலவசம்" என்று சொல்லாமல் வாங்கட்டும். டிக்கெட்காரர் 72 டாலரைப் பற்றி மூச்சு விட்டாரா என்று கேளுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
விடவில்லை. இப்போதுதான் கேட்டேன். "அது அங்க கட்டிக்கலாம் சார்" என்றார்.

யாழ்நிலவன்:
இன்னொன்று. வானூர்தி நிலையக் கடையில் போத்தல் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். மதுவைச் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் மது விற்பனையும் இல்லை. பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அம்மா கைப்பையில் சின்னப் பிள்ளையார் வைத்திருக்கிற ஆள் என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

மாடிவீட்டுக்காரன்:
ஐயோ, அம்மா பிள்ளையார் இல்லாமல் பஸ்ஸில்கூட ஏற மாட்டார். அது தனிப் பஞ்சாயத்து. அப்பாவுக்குத் தட்கலில் விண்ணப்பித்துவிட்டேன். கடல்காகம் கோபிக்க வேண்டாம், விதி உங்கள் பக்கம்தான். மூன்றரை மணிக்கு வாதாடும் தெம்பு எனக்கு இல்லை.

கடல்காகம்:
கோபம் எதற்கு? புதுப் பாஸ்போர்ட் வந்ததும் டிக்கெட்டிலும் அறை முன்பதிவிலும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். இமுகாவைப் புது எண்ணில் நிரப்புங்கள்.

சுந்தரி_கொட்டிவாக்கம்:
அறை முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் அச்செடுத்து அப்பா கையிலேயே கொடுங்கள். என் மாமனாருடையது எல்லாம் என் போனில்தான் இருந்தது, நான் உள்ளே போய்விட்டேன்.