"ஏன்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது

வணக்கம். மூன்றாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 34 பிள்ளைகள், எட்டு வயது. வாரம் மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பாடத்தைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். "ஏன் அப்படி?" என்றால் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான்கு மாதமாக இதே நிலைதான்.

வகுப்பறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொன்னேன். பெரும்பாலானோர் மேசைக்கு நான்கு காலும் வரைந்தார்கள். ஒருத்தி மட்டும் வெறும் சதுரம் போட்டுவிட்டு, "மேலேருந்து பாத்தா கால் தெரியாதே மிஸ்" என்றாள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்! எல்லாரிடமும் வரவேண்டியது அந்த யோசனைதான்.

தனியாக யோசி, பக்கத்தில் பேசு, பிறகு வகுப்புக்குச் சொல் என்ற முறையும் பார்த்தாயிற்று. ஜோடியில் சத்தமாகப் பேசுபவர் சொன்னதையே மற்றவரும் சொல்கிறார். அப்புறம், கேள்வி கேட்டபின் குறைந்தது 3 விநாடி பொறுத்தால் பதில்கள் நீளும் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவின் ஆய்வு சொல்கிறது. நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். வருவது ஒரே வார்த்தை, கூடவே "சரியா மிஸ்?" என்ற கேள்வி. தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது என்று நினைக்கிறேன். வீட்டுப்பாடத்தில் காரணம் எழுதச் சொன்னால் பெரியவர்களின் வாக்கியம்தான் வருகிறது, அதனால் அதை நிறுத்திவிட்டேன்.

இந்த வயதுப் பிள்ளைகள் பயமில்லாமல் காரணம் சொல்ல, உங்கள் வகுப்பில் உண்மையிலேயே பலன் தந்த ஒரு செயல்பாடு எது?