அணு ஆயுதத் தடை ஒப்பந்தம்: மலேசியாவின் கையெழுத்தால் என்ன பயன்?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்):
ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடர்கிறேன். அணு ஆயுதங்களை முழுதாகத் தடை செய்யும் ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா 2017இல் கையெழுத்திட்டு, 2020இல் அதை உறுதி செய்தது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. குடிக்காதவர்கள் மட்டும் கூடி மதுவிலக்குச் சத்தியம் செய்தால் கள்ளுக்கடை மூடிவிடுமா?

உக்ரைன் 1994இல் வல்லரசுகளின் வாக்குறுதியை நம்பித் தன் மண்ணிலிருந்த குண்டுகளை ரஷ்யாவுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது. 2014இல் அதே ரஷ்யாவிடம் கிரிமியா பறிபோனது. லிபியா 2003இல் அணுத் திட்டத்தைக் கைவிட்டது. 2011இல் அதன் தலைவர் கடாஃபி கொல்லப்பட்டார். வட கொரியா மட்டும் குண்டைச் செய்தது. அதன்மேல் யாராவது கை வைத்தார்களா?

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
தம்பி, லிபியாவை இழுத்துவிட்டீர்கள், அதிலேயே நிற்போம். 2003இல் லிபியாவுக்குப் போன ஒரு கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தார்கள். உள்ளே, குண்டுக்கு வேண்டிய யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள். அவை செய்யப்பட்ட இடம் ஷா ஆலம்! ஆர்டர் பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ. கியூ. கானின் ரகசிய வலையமைப்பிலிருந்து வந்தது. எதற்கான பாகங்கள் என்று தங்களுக்குத் தெரியாது என்றது தொழிற்சாலை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற மாதிரித் தொழிற்சாலைதான் அது. இப்படிப்பட்ட ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கும் சட்டம் நம் நாட்டில் வந்தது 2010இல். குண்டு வல்லரசுகளின் விவகாரம் மட்டும் என்று இனியும் நினைக்க முடியுமா?

லயத்துப்பையன்:
சரி டீச்சர், ஆனால் அந்தச் சட்டத்துக்கும் நாம் பேசும் ஒப்பந்தத்துக்கும் தொடர்பில்லை. இப்படிக் கட்டுப்படுத்தச் சொல்லி எல்லா நாடுகளுக்கும் உத்தரவு போட்டது 2004இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1540ஆம் தீர்மானம். அங்கே எதையும் தடுக்கும் வீட்டோ அதிகாரம் வைத்திருக்கும் ஐந்து பேரிடமும் குண்டு இருக்கிறது. அவர்களை யார் கட்டுப்படுத்துவது? அணு ஆயுதம் பரவாமல் தடுக்கும் 1968 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில், ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேசுவோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு 1,550 குண்டுகளுக்கு மேல் தயார் நிலையில் வைக்கக்கூடாது என்ற ஒப்பந்தமும் 2026 பிப்ரவரி 5இல் காலாவதியாகிவிட்டது.

பழைய கிராணி:
நான் தோட்டத்தில் வளர்ந்தவன். நம் ஆட்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த 1960களில் சிங்கப்பூர் தெங்கா விமானத் தளத்தில் பிரிட்டன் அணுகுண்டுகளை வைத்திருந்தது. இங்கே யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. பழைய ரகசியக் கோப்புகள் வெளிவந்த பிறகுதான் நமக்கே தெரிந்தது. நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 1995 பாங்காக் ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த ஆசியான் நாடும் தன் மண்ணில் அப்படி வைக்க இடம் கொடுக்க முடியாது. அதுவும் வெறும் காகிதம்தான் தம்பி, ஆனாலும் தடுக்கிறது.

இன்னொன்று. 1986 வாக்கில் உலகில் 70,000 குண்டுகள் இருந்தன. இன்று சுமார் 12,000. அமெரிக்காவும் சோவியத்தும் செய்த 1987 ஏவுகணை ஒப்பந்தத்தால் மட்டும் 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள்.

லயத்துப்பையன்:
ஐயா, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 1987இல் பேசியது ரீகனும் கொர்பச்சேவும். இருவருக்கும் தேவை இருந்தது, செய்தார்கள். 2019இல் தேவை தீர்ந்தது, அதே ஒப்பந்தம் செத்தது. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996 முதல் அமலுக்கு வராமல் கிடக்கிறது. அமெரிக்கா இன்னும் உறுதி செய்யவில்லை, ரஷ்யா 2023இல் தன் உறுதியைத் திரும்பப் பெற்றது.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
குண்டு எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறீர்கள். கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் சோவியத் நடத்திய சோதனைகள் 456. பசிபிக் தீவு நாடான கிரிபாத்தியின் கிறிஸ்மஸ் தீவில் பிரிட்டனும் அமெரிக்காவும் குண்டுகளை வெடித்துச் சோதித்தன. அந்த இரண்டு நாடுகளும் இந்தத் தடை ஒப்பந்தத்தில் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவம், கெட்டுப்போன மண்ணைச் சீர்செய்வது என்று அதில் ஆறாவது பிரிவு இருக்கிறது. 1968 ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. புக்கிட் மேராவில் ஆலையின் கதிரியக்கத் தோரியக் கழிவுக்கு எதிராக மக்கள் எத்தனை வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள் என்று பேராக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்மாலும் ஒன்று முடியும். நம் ஊழியர் சேமநிதிப் பணம் வெளிநாட்டிலும் முதலீடாகிறது. அதில் அணு ஆயுதம் செய்யும் நிறுவனங்களின் பங்கு இருக்கிறதா என்று நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். கடிதத்தை நான் எழுதுகிறேன்.

லயத்துப்பையன்:
அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், டீச்சர். அதை வைத்து மாஸ்கோவும் வாஷிங்டனும் ஒரு குண்டைக் குறைக்கும் என்று மட்டும் என்னை ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள்.