ஆற்றலுக்குத் திரும்பும் பாதை இல்லை

சூழலியலின் அடிப்படைகளை மாணவர்கள் புரிந்துகொண்டார்களா என்று அறிய நான் உணவுச் சங்கிலியை வரையச் சொல்வேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று எல்லாம் ஒழுங்காக வரும். கடைசியில் பூஞ்சையிலிருந்து புல்லுக்கு ஓர் அம்பு போட்டு, அதன்மேல் 'ஆற்றல்' என்று எழுதியிருப்பார்கள். ஆண்டுதோறும் இந்த அம்பைப் பார்க்கிறேன். நன்றாகப் படிப்பவர்களும் இதில் விதிவிலக்கல்ல.

சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம், பயன் இருக்காது. ஒருமுறை அப்படி வரைந்த மாணவியிடம், "ஆற்றலும் சுற்றித் திரும்புமென்றால் சூரியன் நாள்தோறும் எதற்கம்மா?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "வழியில் கொஞ்சம் வீணாகும், அதை ஈடுசெய்யத்தான் சார்" என்றாள். நல்ல பதில்தான். எவ்வளவு வீணாகிறது, எந்த வழியாக வீணாகிறது என்பவற்றில்தான் பாடமே இருக்கிறது.

வகுப்பை வளாகத்திலிருந்த மட்குக் குவியலுக்கு அழைத்துச் சென்றேன். மேலே உலர்ந்த சருகு. அதை விலக்கினால் கறுத்து ஈரமான அடுக்கு, இலைகளை ஒன்றோடொன்று தைத்ததுபோல் ஓடும் வெள்ளைப் பூஞ்சை இழைகள். நீண்ட தண்டுள்ள வெப்பமானியை நடுவில் செருகினோம். முள் ஏறிக்கொண்டே போய் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த மாணவி குழிக்குமேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சூட்டைச் செடி எடுத்துக்கொள்ள முடியாதே சார்" என்றாள்.

முடியாது. இலையில் சேர்ந்திருந்த சேர்மங்களை நுண்ணுயிரிகள் சிதைத்துச் சுவாசிக்கும்போது வெளியேறும் வெப்பம் அது. அதைக் கொண்டு எந்தச் செடியும் சர்க்கரை தயாரிப்பதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் மட்கில் தங்கி, வேர்வழியே திரும்புகின்றன. கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்து இலைவழியே திரும்புகிறது. ஆற்றலுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அன்று யாருக்கும் இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓர் உயிரினத்திடம் சேர்ந்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அதை உண்ணும் உயிரினத்துக்குப் போய்ச் சேர்கிறது என்னும் பத்துச் சதவீதக் கணக்கை இதற்குப் பிறகு எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன் ஓர் ஏரியை ஆராய்ந்து, ஊட்ட நிலைகளுக்கிடையே, அதாவது உணவுச் சங்கிலியின் படிகளுக்கிடையே, ஆற்றல் கைமாறுவதைக் கணக்கிட்ட கட்டுரை 1942இல் வெளிவந்தது. பத்து என்பது தோராயச் சராசரி. இடத்துக்கு இடம், உயிரினத்துக்கு உயிரினம் மாறும். அதை மாறாத விதியாகச் சொல்லிக்கொடுப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. ஆங்கிலக் கால்வாய்க் கடலில், நீரில் மிதக்கும் நுண்ணிய தாவர மிதவையுயிரிகள் சதுர மீட்டருக்கு 4 கிராம், அவற்றை நம்பி வாழும் விலங்குகள் 21 கிராம் என்று பாடநூல் சொல்கிறதே, அப்படியானால் குறைந்த ஆற்றலிலிருந்து அதிக ஆற்றல் வருகிறதா? விடையை நான் சொல்லவில்லை. அந்த மிதவையுயிரிகள் எத்தனை நாளில் இரட்டிக்கும் என்று மட்டும் கேட்டேன். ஓரிரு நாள் என்று ஒருவர் சொன்னதும் வகுப்பே விவாதத்தில் இறங்கியது. 4 கிராம் என்பது அந்த நேரத்து இருப்பு. உண்ணப்பட உண்ணப்பட அது மீண்டும் மீண்டும் உருவாகிறது, ஆண்டு உற்பத்தியைக் கூட்டினால் அதுவே மிகப் பெரிது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். உண்ணப்படுபவை கீழே, உண்பவை மேலே என்று படிப்படியாக அடுக்கினால், எடைப் பிரமிடு தலைகீழாகலாம், ஆற்றல் பிரமிடு ஆகாது.

இப்போது தேர்வில் உணவுச் சங்கிலியை வரைக என்று நான் கேட்பதில்லை. படத்தை நானே கொடுத்து, ஒவ்வோர் அம்பின் வழியாகவும் எது போகிறது, எது திரும்ப வராது என்று எழுதச் சொல்கிறேன்.