லூப்புக்குள்ளே 22 கிலோ, வெளியே வந்தால் 0

மஸ்கெலியாவிலிருந்து கேள்வி:
வணக்கம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவர் கைத்துண்டில் (நிறுவைச் சீட்டில்) இருக்கிற கிலோவும் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஏறுகிற கிலோவும் ஒன்றுதானா என்று மாதாமாதம் நான்தான் கூட்டிப் பார்ப்பேன். அதற்கு, கட்டளைகளை வாசித்து ஓட்டும் ஷெல்லான பாஷில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. நேற்று 7, 9, 6. கட்டளையின் விடையைப் பிடித்துத் தரும் டொலர் அடைப்புக்குறிக்குள், வரி தேடும் கிரெப்பால் அந்த நாளின் வரிகளை எடுத்து, அவற்றை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் பைப் போட்டு, வைல் லூப்பில் கூட்டி, லூப்பை முடிக்கும் ‘டன்’ என்ற சொல்லுக்குப் பிறகு மொத்தத்தை எக்கோ பண்ணுகிறேன். லூப்புக்குள்ளே இருந்து ஸ்டாண்டர்ட் எரருக்கு (பிழைச் செய்திகள் திரையில் வரும் தனி வழிக்கு) அனுப்பிப் பார்த்தால் 7, 16, 22 என்று ஒழுங்காக ஏறுகிறது. டன் தாண்டியதும் 0. இரண்டு இரவு இதிலேயே போய்விட்டது. கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும், அதனால் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கவே மனம் பதறுகிறது.

பண்டாரவளையிலிருந்து:
என் மாக்புக் டெர்மினலில் அப்படியே ஒட்டினேன், 22 வருகிறதே தங்கச்சி. பைலைப் பாருங்கள்.

ஹட்டனிலிருந்து:
பைலில் பிழை இல்லை. பண்டாரவளை அண்ணனிடம் ஓடுவது இசட்ஷெல் என்ற வேறொரு ஷெல். 2019இலிருந்து மாக்கில் அதுதான் வழமை. இசட்ஷெல் பைப்பின் கடைசித் துண்டை, தான் இருக்கிற ஷெல்லிலேயே ஓட்டும். பாஷ் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சப்ஷெல், அதாவது தன்னுடைய தனி நகல், பிரிக்கும். உங்கள் டொலர் அடைப்புக்குறியே ஒரு சப்ஷெல். அதற்குள் பைப் இருப்பதால் வைலுக்கு இன்னொன்று. வைல் மாறியின் நகலில்தான் கூட்டுகிறது, டன்னோடு அந்த நகலும் போய்விடும். எக்கோ ஒரு படி மேலே நின்று பழைய 0ஐத்தான் பார்க்கிறது.

வைலையும் எக்கோவையும் ஒரே நெளி அடைப்புக்குள் போடுங்கள். ஒரே வரியில் எழுதினால் மூடுவதற்கு முன் அரைப்புள்ளி கட்டாயம். பாஷ் 4.2இலிருந்து, கடைசித் துண்டை அதே ஷெல்லில் ஓட்ட லாஸ்ட்பைப் என்று ஒரு தெரிவும் உண்டு, ஆனால் ஜொப் கன்ட்ரோல் (ஓடும் வேலைகளை நிறுத்தித் தொடரும் வசதி) இருக்கும் டெர்மினலில் அது வேலை செய்யாது. நெளி அடைப்பே நல்லது.

மஸ்கெலியா:
22 வந்துவிட்டது அண்ணா! ஆனால் பைல் இல்லாத நாளிலும் 0 கிலோ, வெற்றி என்கிறதே?

ஹட்டன்:
பைப்பின் முடிவு நிலை (வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண்) கடைசித் துண்டினுடையது. கிரெப் விழுந்தாலும் எக்கோ வென்றுவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், எந்தத் துண்டு விழுந்தாலும் அதைக் காட்டும் பைப்ஃபெயில் தெரிவைப் போடுங்கள். வரி கிடைக்காவிட்டால் கிரெப் 1 தரும், பைலே இல்லாவிட்டால் 2. அம்மா வேலைக்குப் போகாத நாளில் 1 வருவது பிழையல்ல, 2 வந்தால் நிறுத்துங்கள். ஃபங்ஷனுக்குள் மாறியை லோக்கல் என்று அறிவிக்கிற அதே வரியில் டொலர் அடைப்புக்குறியை எழுதவேண்டாம், லோக்கலின் 0 அந்த எண்ணை மூடிவிடும்.

மஸ்கெலியா:
தனி வரியில் எழுதினேன், சரி. போன மாதம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். 12ஆம் திகதி மட்டும் செக்ரோலில் 4 கிலோ குறைகிறது. காலையில் அம்மாவின் துண்டோடு கணக்கப்பிள்ளை ஐயாவிடம் போகிறேன்.